குறைந்த செலவில் குடும்பத்தோடு தங்க காரைக்கால் சரிப்படுமா?

பனியன்நகர்:

எல்லோருக்கும் வணக்கமுங்க. நாங்கள் திருப்பூர். நான், வீட்டுக்காரர், மூன்றாம் வகுப்பு முடிக்கப்போகிற பையன், இன்னும் பள்ளிக்கூடம் சேர்க்காத பாப்பா, முட்டிவலியோடு இருக்கிற மாமியார், ஆக ஐந்து பேர். மே மாதம் இரண்டாவது வாரத்தில் மூன்று நான்கு நாள் கடல் இருக்கிற ஊருக்குப் போக வேண்டும் என்று இருக்கிறோம். பையன் கடலை டிவியில் பார்த்ததோடு சரி. டிக்கெட், ரூம், சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரத்துக்குள் முடிக்கப் பார்க்கிறேன். பாண்டிச்சேரியில் கடற்கரை ஓரமாக ஒரு ஓட்டலில் வாடகை கேட்டோம், வீட்டுக்காரர் பதில் சொல்லாமல் போனை என் கையில் கொடுத்துவிட்டார். மாமல்லபுரம் பக்கம் தேடினால் ரிசார்ட் ரிசார்ட்டாக வருகிறது.

காரைக்காலை ஏன் யோசிக்கிறேன் என்றால் காரைக்காலுக்குத் தெற்கே டி.ஆர்.பட்டினம் (திருமலைராயன்பட்டினம்) பக்கம் ஒரு தொழிற்சாலையில் இவருக்கு எலெக்ட்ரீசியன் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இங்கே வாங்குவதைவிடச் சம்பளம் கொஞ்சம் கூட. சரி, லீவுக்குப் போகிற சாக்கில் நாலு நாள் இருந்து ஊரையும் பார்த்துவிடலாம் என்று ஒரு கணக்கு.

பிள்ளைகளைக் கடலில் குளிக்க விடலாமா? மாமியாரால் மணலில் நடக்க முடியாது, சும்மா உட்கார்ந்து பார்க்க இடம் உண்டா? அது குடிகாரர்கள் ஊர் என்று பக்கத்து வீட்டு அண்ணன் பயமுறுத்துகிறார், பிள்ளைகளோடு ராத்திரி எட்டு மணி வரைக்கும் வெளியே இருக்கலாமா? குடிபோவதாக இருந்தால் வீட்டு வாடகை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் எப்படி? யூடியூபில் காரைக்கால் என்று போட்டால் எல்லா வீடியோவும் திருநள்ளாற்றில் ஆரம்பித்துத் திருநள்ளாற்றிலேயே முடிகிறது. அங்கே இருக்கிறவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

கடைமடையான்:

வாங்க சகோதரி. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் காரைக்கால்தான், இப்போது வேலைக்காகத் திருச்சியில் இருக்கிறேன், பெற்றோர் அங்கேதான்.

முதலில் குளியலைப் பேசிவிடுவோம். விட வேண்டாம். காரைக்கால் கடற்கரை என்பது அரசலாறு கடலில் கலக்கிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆற்று வாயில் மணல் மேடு இன்றைக்கு ஓர் இடத்தில் இருக்கும், நாளைக்கு இன்னோர் இடத்தில் இருக்கும், முழங்கால் ஆழம் என்று நினைத்து நிற்கிற இடத்தில் இரண்டு எட்டு வைத்தால் இடுப்புக்கு வந்துவிடும். அலை திரும்பும்போது காலுக்கு அடியில் மணலை வாரிக்கொண்டு போகும், பெரியவர்களே தடுமாறுவார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துவிட்டு வெளியூர்க்காரர்கள் இறங்குவதுதான் பிரச்சினை. கால் நனைக்கட்டும், மணலில் வீடு கட்டட்டும், அதற்குமேல் வேண்டாம். பையன் கையை வீட்டுக்காரர் பிடித்திருக்கட்டும், பாப்பாவை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

இதை விட்டால் மற்றது எல்லாம் உங்களுக்குத் தோதாகத்தான் இருக்கும். ஊரிலிருந்து கடற்கரைச் சாலை ஆற்றின் கரையோடு போகிறது. ஒரு பக்கம் அரசலாறு, நடைபாதை, உட்கார பெஞ்சு. சாலை மணல் வரைக்கும் போய்விடும், ஆட்டோவில் போய் இறங்கினால் அம்மாவுக்கு மணலில் நடக்கிற வேலையே இல்லை. ஆற்றில் படகுச் சவாரியும் உண்டு. மே மாதத்தில் காவிரித் தண்ணீர் ஏது? மேட்டூர் திறப்பதே ஜூன் 12, அதுவும் கடைமடைக்கு வந்து சேர நாளாகும். அப்போது ஆற்றில் இருப்பது கடல் ஏறி வந்த உப்புத் தண்ணீர்தான். படகு ஓட அது போதும்.

சாயங்காலம் ஐந்தரைக்குப் பிறகு பாதி ஊர் அங்கேதான் இருக்கும். அபிராமி அந்தாதி வகுப்பு முடித்து வருகிற மாமிகள், புர்கா போட்ட அக்காமார், மாதா கோயில் வீதிக் குடும்பங்கள், ஜிப்மர் மாணவர்கள், எல்லோரும் ஒரே சுண்டல் வண்டியைச் சுற்றித்தான் நிற்பார்கள். எட்டு மணி என்ன, எட்டரை வரைக்கும் பிள்ளைகளோடு தாராளமாக இருக்கலாம். கலங்கரை விளக்கத்துக்கு அந்தப்பக்கம் இருட்டான மணல் பகுதிக்கு மட்டும் பொழுது சாய்ந்தபிறகு போகாதீர்கள், அங்கே பாட்டிலோடு உட்கார்ந்திருப்பார்கள்.

உங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னது சும்மா இல்லை. இது புதுச்சேரி யூனியன் பிரதேசம், சாராயம் மலிவு, தமிழ்நாட்டு மாவட்டங்கள் மூன்று பக்கமும். சனி ஞாயிறு என்றால் வாஞ்சூர், நண்டலாறு சோதனைச் சாவடிப் பக்கம் பைக் பைக்காக வருவார்கள். கடைகளும் பார்களும் அந்த எல்லைச் சாலையில்தான் நெருக்கம். அங்கே ரூம் போடாமல் ஊருக்குள், பாரதியார் சாலைக்குப் பக்கத்தில் போட்டால் உங்களுக்கு அது கண்ணிலேயே படாது. ரூம் பிடிக்கும்போது கீழே பார் இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். பல லாட்ஜில் உண்டு.

வாடகை சனியைப் பொறுத்தது! வெள்ளி இரவும் சனிக்கிழமையும் திருநள்ளாற்றுக் கூட்டம் மொத்தமும் காரைக்காலில் வந்து தங்கும். அதே ரூம் செவ்வாய்க்கிழமை பாதி விலைக்குக் கிடைக்கும், பேசினால் இன்னும் குறையும். அதனால் ஞாயிறு மதியம் வந்து புதன் அல்லது வியாழன் கிளம்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஏசி ரூம் ஒன்று எடுத்து ஒரு கூடுதல் மெத்தை போடச் சொன்னால் உங்கள் ஐந்து பேருக்கும் போதும். ஏசி இல்லாமல் மட்டும் எடுக்காதீர்கள், திருப்பூர் வெயில் வேறு, இங்கே வியர்வை வேறு.

அப்புறம் மீன். மே மாதம் வருகிறீர்கள், அது தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வஞ்சிரம், சங்கரா எல்லாம் விலை ஏறிவிடும், ஓட்டலில் போடுவது வெளி மாநிலத்திலிருந்து ஐஸில் வந்ததாகவும் இருக்கலாம். கரையோரம் பிடிக்கிற ஃபைபர் படகு மட்டும் போகும், காலையில் போனால் மத்தி, நெத்திலி, மடவை, நண்டு கிடைக்கும். வாங்கினால் அங்கேயே அக்காமார் ஆய்ந்து கொடுத்துவிடுவார்கள். ஆனால் சமைக்க இடம் இல்லாமல் வாங்கி என்ன செய்வது? சாப்பாட்டு மெஸ்ஸில் மத்திக் குழம்பு போடுகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள், அது அன்றைக்குப் பிடித்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தடைக்காலத்தில் ஒரு நல்லதும் உண்டு. விசைப்படகு எல்லாம் மீன்பிடித் துறைமுகத்தில் வரிசையாக நிற்கும். சுரண்டி, ஓட்டை அடைத்து, புது வண்ணம் அடித்துக்கொண்டிருப்பார்கள், மரத்தடியில் நாலைந்து பெரியவர்கள் கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசலைப் பின்னுவார்கள். பையனைக் காலையில் அங்கே கூட்டிப்போங்கள். கேட்டால் சொல்லித் தருவார்கள், இந்த இரண்டு மாதமும் அவர்களுக்குப் பேச நேரம் இருக்கும்.

எள்ளுவிளக்கு:

திருநள்ளாறு போவதாக இருந்தால் சனிக்கிழமை வேண்டாம், அதைத்தான் மேலே அண்ணன் சொல்லியிருக்கிறார், நானும் சொல்கிறேன். செவ்வாய் புதனில் போனால் நின்று நிதானமாகப் பார்க்கலாம். காரைக்காலிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான், டவுன் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். சனிப்பெயர்ச்சித் தேதியை டிவி பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்தக் கோயிலில் பழைய வாக்கியப் பஞ்சாங்கம், டிவியில் சொல்வது திருக்கணிதம், இரண்டிலும் தேதி வேறு வேறு. 2025 மார்ச் 29 அன்று பெயர்ச்சி என்று எல்லோரும் பேசியபோது, இங்கே அப்படி எதுவும் இல்லை, 2026ல்தான் என்று கோயிலில் அறிவிப்பே கொடுத்தார்கள். அப்படியும் ஒரு கூட்டம் வந்து நின்றது, அது வேறு கதை.

உச்சிப்புளி:

குளிப்பதுதான் பிள்ளைகளுக்கு முக்கியம் என்றால் காரைக்கால் உங்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். நான் ராமநாதபுரத்துக்காரன், பாரபட்சம் இருக்கும், இருக்கட்டும்.

விஷயம் இதுதான். கோடியக்கரைக்கு வடக்கே இருக்கிற ஊர் எல்லாம், வேளாங்கண்ணி, நாகை, காரைக்கால், தரங்கம்பாடி, பூம்புகார், நேரே வங்காள விரிகுடாவைப் பார்த்து நிற்கிறவை. நடுவில் தடுக்க ஒன்றும் கிடையாது, அலை மொத்த வேகத்தோடு வந்து கரையில் மோதும். கோடியக்கரையைத் தாண்டித் தெற்கே திரும்பினால் பாக் நீரிணை, பாக் விரிகுடா. எதிரில் இலங்கை இருக்கிறது, ஆழமும் குறைவு, அதனால் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். எங்கள் பக்கத்தில் இதைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வோம்.

மே மாதம் நீங்கள் வருகிற நேரத்தில் தெற்கிலிருந்து சோழகக் காற்று. அப்போது தனுஷ்கோடியில் தென்பக்கக் கடல் இரையும், வடபக்கக் கடல் சும்மா இருக்கும், சாலையில் நின்று இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். பிறகு ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று வந்தால் அப்படியே தலைகீழ். உச்சிப்புளிக்குப் பக்கத்தில் அரியமான் கடற்கரை, ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் இரண்டும் பாக் விரிகுடாப் பக்கம்தான். உங்கள் பையன் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து விளையாடலாம். அதற்காகப் பெரியவர்கள் கரையில் தூங்கலாம் என்று சொல்லவில்லை. அக்னி தீர்த்தத்தில் துணியைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள், தண்ணீருக்குள் காலைச் சுற்றும், சுத்தம் பார்ப்பவர்கள் அரியமான் போங்கள்.

செலவு? ராமேஸ்வரத்தில் மடங்களும் சத்திரங்களும் இருக்கிறதால் தங்குவதற்குக் காரைக்காலைவிடக் குறைவாகக்கூட முடியும். ஆனால் மே மாதக் கூட்டத்தில் அம்மாவை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பனியன்நகர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. உச்சிப்புளி அண்ணா, படித்ததும் மனசு ராமேஸ்வரம் பக்கம் சாய்ந்துவிட்டது, ஆனால் வேலை விஷயம் இருக்கிறதே. இந்தத் தடவை காரைக்கால், அடுத்த லீவுக்கு உங்கள் ஊர். பையனிடம் கால் மட்டும்தான் நனைக்கலாம் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

குடிபோகிற விஷயம் யாராவது சொல்லுங்கள். வெளியூரிலிருந்து போய் அங்கே குடியிருக்கிறவர்கள் யாராவது இருந்தால் இன்னும் நல்லது. டி.ஆர்.பட்டினத்திலேயே வீடு பார்ப்பதா, காரைக்கால் டவுனில் பார்ப்பதா?

பிஒய்02:

நான் சொல்கிறேன் தோழி. நாங்கள் சேலத்திலிருந்து வந்தவர்கள், கணவருக்கு இங்கே வேலை, இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் படிக்கிறார்கள். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு டவுனில் பாருங்கள். டி.ஆர்.பட்டினம் நல்ல ஊர்தான், வேலைக்குப் பக்கம், ஆனால் பள்ளிக்கூடம், டாக்டர், மார்க்கெட் எல்லாவற்றுக்கும் காரைக்கால்தான் வர வேண்டும். துறைமுகமும் அந்தப் பக்கம்தான், நிலக்கரி வந்து இறங்குகிறது. அந்தத் தூசிக்காக வாஞ்சூர், நாகூர் பக்கத்து மக்கள் பல வருடமாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். இவருக்கு ஷிப்ட் வேலையாக இருந்தாலும் டவுனிலிருந்து பைக்கில் போய்வருவது பெரிய தூரம் இல்லை. பெட்ரோல் வேறு தமிழ்நாட்டைவிட லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு.

வாடகை, நான் விசாரித்தவரை, இரண்டு படுக்கையறை வீடு எட்டாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரத்துக்குள். கோவை திருப்பூரோடு பார்த்தால் மலிவுதான். ஆனால் காலேஜ்கள் வந்தபிறகு ஏறியிருக்கிறது. என்ஐடி திருவேட்டக்குடியில் இருக்கிறது, ஜிப்மர் கிளை 2016லிருந்து மருத்துவக் கல்லூரி நடத்துகிறது, ஓஎன்ஜிசி ஆட்கள் ரொம்ப காலமாக இருக்கிறார்கள், இவர்கள் எல்லோரும் தேடுவது அதே வீடுகளைத்தான். ஜூனில் கிடைப்பது கஷ்டம். மே மாதம் வரும்போதே பார்த்து அட்வான்ஸ் பேசிவிடுங்கள்.

வீடு பார்க்கும்போது குழாயைத் திறந்து ஒரு வாய் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். கடல் பக்கம் போகப் போக போர் தண்ணீர் உப்பு. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, குழாய், கீசர் எல்லாம் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். ஜன்னல் கம்பி, கேட், ஏசி வெளிப்பெட்டி எந்த அளவுக்குத் துருப்பிடித்திருக்கிறது என்று பாருங்கள், உப்புக்காற்று அந்த வீட்டுக்கு எவ்வளவு வருகிறது என்று அதுவே சொல்லிவிடும். நகராட்சித் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று வீட்டு ஓனரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். அதே அம்மாவிடம் ஐப்பசியில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்றும் கேட்டுவிடுங்கள்.

மழைக்காலம் உங்களுக்குப் புதுசாக இருக்கும். திருப்பூரில் நீங்கள் பார்க்கிற மழை வேறு. இங்கே அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, ஆரம்பித்தால் நாள் கணக்கில் பெய்யும், துணி காயாது, பள்ளிக்கூடம் அடிக்கடி லீவு. புயல் எச்சரிக்கை வராத வருடமே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பரில் கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை கடந்தது, அப்போது மின்சாரம் போனதை இங்கே இன்னும் பேசுவார்கள். மெழுகுவத்தி, பவர் பேங்க், ஒரு வாரத்துக்கு மளிகை, கேனில் தண்ணீர், ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டில் இது தயாராக இருக்கும். 2004 சுனாமியில் பட்டினச்சேரி, காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு இங்கெல்லாம் போன உயிர்கள் நிறைய. அதனால்தான் சொல்கிறேன், கடல் தெரிகிற வீடு என்று ஆசைப்பட்டு மணலுக்குப் பக்கத்தில் எடுக்க வேண்டாம். டவுனில் மாடி வீடு எடுங்கள், கடலுக்குப் பத்து நிமிடத்தில் பைக்கில் போய்விடலாம்.

பள்ளிக்கூடம். அரசுப் பள்ளிகள் 2024-25ல் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. தனியாரில் சிபிஎஸ்இ, தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் இரண்டும் உண்டு. உங்கள் பையன் இப்போது எதில் படிக்கிறான் என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள், நாலாம் வகுப்பில் மாறினால் பெரிய சிரமம் இருக்காது. கேந்திரிய வித்யாலயாவும் இருக்கிறது, ஆனால் தனியார் வேலைக்காரர்களுக்குக் கடைசி முன்னுரிமைதான்.

பெரிய ஆளாகி மெடிக்கல், இன்ஜினியரிங் என்று போகும்போது ஒன்று கவனிக்க வேண்டும். இங்கே சேர்க்கை சென்டாக் என்கிற புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழு மூலம், அதற்குக் குடியிருப்புச் சான்றிதழ் வேண்டும், தொடர்ந்து 5 வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும். பாதியில் வந்து பாதியில் போகிறவர்களுக்கு இரண்டு மாநிலத்திலும் இல்லாமல் போகிற ஆபத்து உண்டு. உங்கள் பிள்ளைகள் சின்னவர்கள், இப்போதைக்குக் கவலை இல்லை.

ரேஷன் கார்டு மாற்றுவதற்கு முன்னால் நன்றாக யோசியுங்கள். தமிழ்நாட்டு அட்டையை ரத்து செய்தால் அங்கே கிடைக்கிற அரிசி போகும், உங்கள் பெயரில் மகளிர் உரிமைத் தொகை வந்துகொண்டிருந்தால் அதுவும் போகும். இங்கே ரேஷன் கடை பல வருடம் மூடிக் கிடந்து, அரிசிக்குப் பதில் வங்கியில் பணம் போட்டார்கள், 2024 தீபாவளிச் சமயத்தில்தான் மறுபடி திறந்தார்கள். மின்சாரத்தில் உங்கள் ஊரில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அது இங்கே கிடையாது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் என்று பழகிவிட்டீர்கள் என்றால் இங்கே பையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். அதனால் சம்பளம் கொஞ்சம் கூட என்று சொன்னீர்களே, அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று இதையெல்லாம் கழித்துவிட்டுப் பாருங்கள்.

ஆஸ்பத்திரி: காய்ச்சல், பிரசவம், எலும்பு முறிவு வரைக்கும் ஊரிலேயே முடியும். இதயம், நரம்பு, புற்றுநோய் என்று போனால் தஞ்சாவூர், இல்லாவிட்டால் புதுச்சேரி. தஞ்சாவூர்தான் பக்கம்.

குறையாகவே எழுதிவிட்டேன் போல. எனக்கு இந்த ஊர் பிடிக்கும். ஆகஸ்ட் 15, 16 இரண்டு நாளும் லீவு, நவம்பர் 1ம் லீவு என்று என் பிள்ளைகள் சேலத்து மாமன் மகன்களிடம் பீற்றிக்கொள்வார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1954ல் போனதற்கும், சட்டப்படி ஒப்படைத்தது 1962ல் முடிந்ததற்கும் இந்தக் கொண்டாட்டம். மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் டி.ஆர்.பட்டினம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார், மீனவர்கள் பெண் கொடுத்த வீடு என்பதால் பட்டினச்சேரிக்காரர்கள் மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள் பாருங்கள், அதை ஒருமுறை பார்த்தால் போதும், ஊரை விட்டுப் போக மனசு வராது. வாடகை குறைவு என்பதற்காக மட்டும் யாரையும் நான் இங்கே வரச் சொல்ல மாட்டேன், ஆனால் மாலை வேலை முடிந்து வந்து காசு செலவில்லாமல் பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம் உட்கார ஓர் இடம் எத்தனை ஊரில் இருக்கிறது?

பொறையாறு:

ஒரு நாளைத் தரங்கம்பாடிக்கு ஒதுக்குங்கள். காரைக்காலிலிருந்து வடக்கே ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர், சிதம்பரம் போகிற பஸ்ஸில் ஏறி மெயின் ரோட்டில் இறங்கி, 1792ல் கட்டின நுழைவாயில் வழியாக ராஜா வீதியில் நேரே நடந்தால் கடல். முட்டிவலிக்கு அந்த நடை அதிகம், அங்கேயே ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். 1620ல் டேனிஷ்காரர்கள் கட்டின கோட்டை, உள்ளே மியூசியம். டிக்கெட் கொஞ்சம்தான், வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706ல் வந்து இறங்கினதும், தமிழில் புதிய ஏற்பாட்டை 1715ல் அச்சடித்து முடித்ததும் இந்த ஊரில்தான். பையனுக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியாது, கோட்டை மதில்மேல் நின்று கடலைப் பார்ப்பதும் பீரங்கியும் போதும்.

எனக்குப் பிடித்தது கோட்டைக்கு வடக்கே இருக்கிற மாசிலாமணிநாதர் கோயில். 1306ல் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டினது, முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது கருங்கல் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். அந்தக் கல்லில் பிள்ளைகள் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பாசி, வழுக்கும். ஓசோன் காற்று அதிகம் அடிக்கிற ஊர் என்று ஒரு பேச்சு உண்டு, அதை அப்படியே விட்டுவிடுங்கள், காற்று நல்ல காற்று, அவ்வளவுதான். மதியம் வெயிலில் நிழலே கிடையாது. காலை எட்டு மணிக்குப் போய்ப் பதினொன்றரைக்குத் திரும்பிவிடுங்கள், இல்லையென்றால் நாலு மணிக்குமேல் போங்கள். சாப்பாட்டுக்கு அங்கே பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், பொறையாறு வந்துவிடுங்கள்.

கடைமடையான்:

நாகூரை யாரும் சொல்லவில்லையே. தெற்கே பக்கம்தான், பஸ் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒன்று. தர்காவில் ஐந்து மினாரா, அதில் பெரியது தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங் கட்டிக் கொடுத்தது. எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள், நீங்கள் தாராளமாக உள்ளே போகலாம். வெளியே சாயங்காலம் வாடா கிடைக்கும், அரிசி மாவில் வெங்காயம் போட்டு மேலே இறால் வைத்துப் பொரித்தது. சூடாக இருக்கும்போது சாப்பிட வேண்டும், பார்சல் வாங்கினால் வீண். அப்படியே வேளாங்கண்ணியும் ஒரே நாளில் முடித்துவிடலாம், ஆனால் அம்மாவுக்கு அலுப்பாக இருக்கும், ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

மாங்கனி:

மே மாதம் எதற்கு? ஆனி மாதப் பௌர்ணமிக்கு வாங்களேன். காரைக்கால் அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா, சாமி வீதி உலா வரும்போது வீட்டு மாடியிலிருந்து மாம்பழத்தைக் கூடை கூடையாக எறிவார்கள், கீழே கூட்டம் பிடிக்கும். பிள்ளை வரம் கேட்கிறவர்கள் மடியில் பிடித்துப் போவார்கள்.

பிஒய்02:

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்துவிடும் அம்மா. அதோடு அன்றைக்கு லாட்ஜில் இடமே கிடைக்காது. குடிவந்துவிட்டால் வீட்டு மாடியிலேயே நின்று பார்த்துக்கொள்ளட்டும்.

பனியன்நகர்:

பிஒய்02 அக்கா, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். உட்கார்ந்து கழித்துப் பார்த்தோம். உரிமைத் தொகை, கரண்ட் பில், ரேஷன் அரிசி மூன்றையும் எடுத்துவிட்டால் கூடுதல் சம்பளத்தில் பாதிக்குமேல் கரைகிறது. கம்பெனியில் வாடகைப் படி கேட்டுப் பார்ப்பதாக இவர் சொல்கிறார். கொடுத்தால் ஜூனில் குடிவருவோம், கொடுக்காவிட்டால் லீவுக்கு வந்ததோடு சரி.

ஞாயிறு மதியம் வந்து வியாழன் கிளம்புகிறோம். திங்கள் மீன்பிடித் துறைமுகமும் கடற்கரையும், செவ்வாய் காலை தரங்கம்பாடி, மதியத்துக்குமேல் ரூமில் தூக்கம், புதன் காலை திருநள்ளாறு, சாயங்காலம் நாகூர். நடுவில் நேரம் கிடைக்கிறபோது இரண்டு மூன்று வீடு பார்ப்பது. கடைசிக் கேள்வி, திருப்பூரிலிருந்து நேர் ரயில் இருக்கிறதா, இல்லை திருச்சியில் மாற வேண்டுமா?

கடைமடையான்:

நேர் ரயிலே இருக்கிறது. எர்ணாகுளம் காரைக்கால் எக்ஸ்பிரஸ், டீ கார்டன் என்றுதான் பழைய ஆட்கள் சொல்வார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர், நாகை என்று வரும். திருப்பூருக்கு நடுச்சாமம் தாண்டித்தான் வரும், பாப்பாவைத் தூக்கத்தோடு தூக்கி ஏற்ற வேண்டியிருக்கும். காலையில் கண் விழிக்கும்போது டெல்டாவில் இருப்பீர்கள், மதியச் சாப்பாட்டுக்குக் காரைக்கால். திரும்பும்போது சாயங்காலம் கிளம்பும். ஏறுகிற நேரத்தை மட்டும் செயலியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமை ராத்திரி என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமைத் தேதிக்குப் போடாமல் விட்டுவிடப் போகிறீர்கள், நடுராத்திரி தாண்டினால் தேதி மாறிவிடும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. மே மாதத்தில் வேளாங்கண்ணிக் கூட்டமும் இதே வண்டியில்தான் வரும், திறக்கிற அன்றைக்குக் காலையிலேயே போடுங்கள். அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்குங்கள், வயதுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு.